யார் கேட்பது, யார் கொடுப்பது, யார் சரிபார்ப்பது: மருத்துவர் உதவித் தற்கொலைச் சட்டங்கள்

கேள்வி இதுதான்: குணமாக வாய்ப்பில்லாத நோயில் இருக்கும் ஒருவர் தன் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கலாமா? எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் ஏதும் உண்டா?

உண்டு. ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்டு. ஆனால் மேடையில் அதிகம் கேட்கும் வாதங்கள் இரண்டு தரப்பிலும் பலவீனமானவை. கனமான வாதங்கள் சட்டத்தின் உட்பிரிவுகளில்தான் இருக்கின்றன: யாருக்குத் தகுதி, பேச்சை யார் எடுப்பது, கடைசிச் செயலை யார் கை செய்வது, நடந்ததை யார் சரிபார்ப்பது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்வோம். மரணப் படுக்கையில் நான்கு வெவ்வேறு காரியங்கள் நடக்கலாம். ஒன்று, நோயாளி சிகிச்சையை மறுக்கிறார், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தச் சொல்கிறார். நோய் தன் போக்கில் உயிரைக் கொண்டுபோகிறது. இரண்டு, வலியையும் மூச்சுத்திணறலையும் அடக்க மருந்தைக் கூட்டுகிறார்கள், கடைசி நாட்களில் ஆழ்ந்த மயக்கத்தில் வைக்கிறார்கள். மூன்று, உயிரை முடிக்கும் மருந்தை மருத்துவர் எழுதித் தருகிறார், நோயாளி தன் கையால் எடுத்துக்கொள்கிறார். நான்கு, நோயாளி கேட்டதன் பேரில் மருத்துவரே ஊசி போடுகிறார்.

முதல் இரண்டும் பல நாடுகளில் ஏற்கப்பட்டவை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது முதல் வகையை மட்டுமே. அதைக் காட்டி 'இங்கேயும் வந்துவிட்டது' என்று எழுதுபவர்கள் மூன்றையும் நான்கையும் அதனோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1997 முதல் மூன்றாவதை மட்டும் அனுமதிக்கிறது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல், கனடா 2016 முதல், நான்காவதையும் அனுமதிக்கின்றன. சுவிட்சர்லாந்து ஒரு தனி ரகம். அங்கே இதற்கென்று மருத்துவச் சட்டமே கிடையாது. 1942-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 115-வது பிரிவு, சுயநல நோக்கத்தோடு தற்கொலைக்கு உதவினால் மட்டுமே தண்டனை என்கிறது. அந்த இடைவெளியில்தான் 1982-ல் எக்ஸிட், 1998-ல் டிக்னிடாஸ் போன்ற, தற்கொலைக்கு உதவும் அமைப்புகள் வளர்ந்தன. அங்கேயும் கடைசிச் செயலை நோயாளியேதான் செய்ய வேண்டும். வேறொருவர் ஊசி போட்டால் 114-வது பிரிவின்படி குற்றம்.

'வென்டிலேட்டரை நிறுத்தினாலும் சாவு, மருந்து கொடுத்தாலும் சாவு, பிறகென்ன வித்தியாசம்?' என்பது ஆதரவாளர்களின் பழைய வாதம். 1997-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வேக்கோ எதிர் க்வில் வழக்கில் இது நேரடியாகவே வைக்கப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மரணத்துக்கான காரணமும் மருத்துவரின் நோக்கமும் வேறு என்றது. அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. வென்டிலேட்டரை நிறுத்தும்படி கேட்கும் நோயாளியின் நோக்கமும் பல நேரங்களில் சாவதுதான். உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. சிகிச்சையை மறுப்பவர் 'என் உடம்பைத் தொடாதே' என்கிறார். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மருந்து கேட்பவர் இன்னொருவரின் அறிவையும் கையெழுத்தையும் கேட்கிறார். முதலாவதை மறுக்க மருத்துவருக்கு உரிமை இல்லை. இரண்டாவதை மறுக்க உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இதை வைத்து, கொடுப்பது தவறு என்று நிரூபித்துவிட முடியாது. கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது மட்டும்தான் நிரூபணமாகிறது. எதிர்ப்பாளர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிடுகிறார்கள்.

மார்ஃபின் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். 'வலி மருந்து கொடுத்தே மெல்லக் கொல்கிறார்கள்' என்பது பரவலான நம்பிக்கை. வலிக்கு ஏற்ப அளவைப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் வழக்கமாக ஆயுளைக் குறைப்பதில்லை. இந்தப் பயத்தால் வலி மருந்தை மறுக்கும் நோயாளிகளும், குறைத்து எழுதும் மருத்துவர்களும் இருப்பதுதான் பெரிய கெடுதல்.

இனி மையக் கேள்வி. இந்தச் சட்டங்கள் எல்லாமே இரண்டு தூண்களில் நிற்கின்றன: நோயாளியின் விருப்பம், நோயாளியின் துன்பம். ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். விருப்பம் மட்டுமே போதும் என்றால், உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் கேட்டாலும் மறுக்க நியாயம் இருக்காது. நோயும் தேவையில்லை, மருத்துவரும் தேவையில்லை. துன்பம் மட்டுமே போதும் என்றால், கேட்க முடியாதவர்களுக்கும் செய்யலாம் என்றாகிவிடும். நெதர்லாந்தில் தீராத துன்பத்தில் இருக்கும் பச்சிளங்குழந்தைகளுக்காக எழுதப்பட்ட குரோனிங்கன் நெறிமுறை அந்த வழியில்தான் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று கட்டுப்படுத்தும்போதுதான் சட்டம் நிற்கிறது. 'என் உயிர், என் முடிவு' என்று மட்டும் சொல்லும் ஆதரவாளர் தன் சட்டத்தின் பாதியைத் தானே இடித்துக்கொள்கிறார் என்பது பலருக்குப் புரிவதில்லை.

சறுக்குப் பாதை வாதத்தையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 'ஒருமுறை திறந்தால் எல்லை விரிந்துகொண்டே போகும்' என்பார்கள். ஓரிகனைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று மதிப்பிடப்பட்ட, முடிவெடுக்கும் திறனுள்ள, 18 வயது நிரம்பிய நோயாளி என்ற நிபந்தனை 1997 முதல் மாறவில்லை. கனடாவைப் பாருங்கள். 2015-ல் கார்ட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2016 சட்டம் 'இயற்கை மரணம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது' என்று நிபந்தனை போட்டது. 2019-ல் கியூபெக்கின் ஒரு நீதிமன்றம் அந்த நிபந்தனையே அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, சாகும் தறுவாயில் இல்லாதவர்களுக்கும் 'இரண்டாம் தடம்' திறந்தது. மனநோய் மட்டுமே காரணமாக உள்ளவர்களுக்குத் திறப்பது 2023-க்கும், பிறகு 2024-க்கும், பிறகு 2027 மார்ச்சுக்கும் தள்ளிவைக்கப்பட்டது.

ஏன் ஓரிடத்தில் விரிந்தது, இன்னோரிடத்தில் விரியவில்லை? மக்களின் மனம் கெட்டுப்போனதால் இல்லை. ஓரிகனில் இது வாக்கெடுப்பு மூலம் வந்த, எல்லை வரையறுத்த சலுகை. கனடாவில் நீதிமன்றம் அறிவித்த அடிப்படை உரிமை. உரிமை என்று ஒன்றை அறிவித்துவிட்டால், 'அவருக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை?' என்ற சமத்துவக் கேள்வி வந்தே தீரும். அதற்கு நீதிமன்றத்தால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் இதன் கடைசி எல்லைக்கே போனது: சுயமாகத் தீர்மானித்த மரணத்துக்கான உரிமை, கடும் நோயோடு மட்டும் கட்டுப்பட்டதல்ல என்றது. நெதர்லாந்தையும் 'சறுக்கியதற்கு' உதாரணமாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அங்கே சட்டம் முதல் நாளிலிருந்தே 'தாங்க முடியாத, தீர வழியில்லாத துன்பம்' என்றுதான் சொன்னது. ஆயுள் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று என்றுமே சொல்லவில்லை. மனத்துன்பமும் கணக்கில் வரும் என்று டச்சு உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. வாசல் அகலமாகவே கட்டப்பட்டது. பிறகு அதன் வழியே வருவோர் கூடினார்கள். 2023-ல் அங்கே 9,068 பேர், மொத்த மரணங்களில் 5.4 சதவீதம்.

நடைமுறை தளர்வது வேறு விஷயம். அது எல்லா இடத்திலும் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் நோயாளி வைக்க வேண்டிய இரண்டு வாய்மொழி வேண்டுகோள்களுக்கு நடுவே 15 நாள் இருந்தது. 2022 முதல் 48 மணி நேரம். ஓரிகனில், 15 நாள் தாங்கமாட்டார் என்று தெரிந்தால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்ய 2020 முதல் இடமுண்டு. காரணம் எளிது: விண்ணப்பிக்கும்போதே பலர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார்கள், காத்திருக்கும்போதே இறந்துவிடுகிறார்கள்.

ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு வருவோம். இரு தரப்பின் பிரசாரமும் இங்கேதான் உடைகிறது. ஓரிகனில் மருத்துவர்கள் நிரப்பும் படிவங்களின்படி, தன் வாழ்க்கை தன் கையில் இல்லாமல் போவது, பிடித்ததைச் செய்ய முடியாமல் போவது ஆகிய இரண்டும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம். வலி, அல்லது வலி வருமோ என்ற பயம், சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். ஆகவே 'தாங்க முடியாத வலி' என்ற படத்தை முன்னால் வைக்கும் ஆதரவாளர் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. 'நல்ல பாலியேட்டிவ் கேர் (துன்பத்தைக் குறைக்கும் பராமரிப்பு) கிடைத்தால் யாரும் கேட்கவே மாட்டார்கள்' என்னும் எதிர்ப்பாளரும் சொல்லவில்லை. அங்கே இந்த வழியைத் தேர்ந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே ஹாஸ்பிஸ் எனப்படும் கடைசிக் காலப் பராமரிப்பில் இருந்தவர்கள். வலியை மருந்தால் அடக்கலாம். தன் மலஜலத்தை இன்னொருவர் துடைக்க வேண்டியிருப்பதைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு மருந்து இல்லை.

அதே படிவங்களில் இன்னொரு வரி: 'குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவேன்.' நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், ஏறக்குறைய பாதிப் பேர் வரை இதையும் குறிப்பிடுகிறார்கள். இதை எப்படிப் படிப்பது? பிள்ளைகளைப் பற்றிய கவலையும் அந்த மனிதரின் சொந்த மதிப்பீடுதான், அதை வற்புறுத்தல் என்று ஒதுக்க முடியாது என்று ஒரு வாசிப்பு. ஆனால் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இங்கேதான் பிறக்கிறது. இந்த வழியே இல்லாதவரை, உயிரோடு இருப்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது இயல்பான நிலை. வழி திறந்ததும், இருப்பதும் ஒரு தேர்வாகிவிடுகிறது. தேர்வு என்றால் விளக்கம் சொல்லும் பொறுப்பும் கூடவே வரும். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். மகள் மறுபடி விடுப்பு கேட்டு அலுவலகத்துக்கு போன் பேசுவது அடுத்த அறையில் கேட்டால் போதும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இரண்டு மருத்துவர்களின் சான்றும் இந்த அழுத்தத்தைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் வற்புறுத்தியவர் என்று யாருமே இல்லை. இதற்கு ஆதரவாளர்களிடமிருந்து முழுமையான பதிலை நான் பார்த்ததில்லை. 'அப்படியென்றால் சிகிச்சையை மறுக்கும் உரிமைக்கும் இதே ஆபத்து உண்டே, அதை ஏன் அனுமதிக்கிறோம்?' என்ற எதிர்க்கேள்விதான் இருப்பதில் நல்ல பதில்.

மாற்றுத்திறனாளி இயக்கங்களின் எதிர்ப்பை மத எதிர்ப்போடு சேர்த்துக் கட்டிவிடுவது சோம்பேறித்தனம். 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய நாட் டெட் யெட் அமைப்பின் கேள்வி மதத்தைத் தொடுவதே இல்லை: நடமாடும் ஒருவர் சாக விரும்பினால் தடுத்து ஆலோசனைக்கு அனுப்புகிறீர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர் விரும்பினால் 'புரிகிறது' என்கிறீர்கள், இந்தப் புரிதல் எங்கிருந்து வருகிறது? ஏழைகளும் முதியவர்களும் இதற்குள் தள்ளப்படுவார்கள் என்ற அச்சத்தை ஓரிகன், நெதர்லாந்துத் தரவுகளை வைத்து 2007-ல் ஓர் ஆய்வு சோதித்தது. முதியவர், காப்பீடு இல்லாதவர், கல்வி குறைந்தவர் என்ற பிரிவுகளில் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஓரிகனில் இதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் படித்த, காப்பீடு உள்ள வெள்ளையர்கள். ஆனால் அந்த ஆறுதல் சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கான சட்டத்துக்குத்தான் பெரிதும் பொருந்தும். கனடாவின் இரண்டாம் தடத்துக்கு அதை நீட்டக் கூடாது. அந்தச் சட்டம், துன்பத்தைக் குறைக்கும் வழிகள், ஊனமுற்றோர் ஆதரவுச் சேவைகள் எவை என்று நோயாளிக்குத் தெரிவித்து, அந்த நிபுணர்களோடு பேச வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாள் வேண்டும் என்கிறது. அந்தச் சேவை உண்மையில் கிடைத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுக்கும் உதவியாளருக்கும் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டால், சாவுக்கான வரிசை 90 நாளில் முடிந்துவிடுகிறது. 2025 மார்ச்சில் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு இரண்டாம் தடத்தை நீக்கும்படி பரிந்துரைத்ததை நான் நியாயமாகவே பார்க்கிறேன்.

என் நிலை என்ன என்று கேட்டால்: நெருங்கிய மரணம், தெளிவான மனம், தன் கையால் செய்வது என்ற மூன்றும் சேர்ந்த குறுகிய சட்டத்தை நெறியோடு நியாயப்படுத்த முடியும். அதற்கு அப்பால் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக நியாயம் காட்ட வேண்டும். முதல் அடியின் நியாயத்தையே கடன் வாங்கக் கூடாது.

இனி, ஒரு வேண்டுகோள் வந்ததும் நடக்க வேண்டியது என்ன? நோயாளி 'போதும் டாக்டர், முடிச்சு விட்டுடுங்க' என்கிறார். அனுபவமுள்ள பாலியேட்டிவ் மருத்துவர் இதற்கு ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். 'எது போதும்?' என்று கேட்பார். பதில்கள் விசித்திரமாக இருக்கும். இரவு மூன்று மணிக்கு வரும் மூச்சுத்திணறலாக இருக்கலாம். வலி மருந்தால் எட்டு நாளாகப் போகாத மலச்சிக்கலாக இருக்கலாம். 'கடைசியில் மூச்சு முட்டித்தான் சாவேனா?' என்ற கேட்கப்படாத பயமாக இருக்கலாம். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. சரிசெய்தபின் வேண்டுகோள் காணாமல் போவதும் உண்டு. எல்லாம் செய்தபிறகும் அதே குரலில், அதே காரணத்தோடு கேட்பவர்களும் உண்டு. சட்டம் பேச வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.

அடுத்தது முடிவெடுக்கும் திறன். நான்கு அம்சங்களைப் பார்ப்பார்கள்: சொன்ன தகவல் புரிகிறதா, அது தனக்குப் பொருந்தும் என்பதை உணர்கிறாரா, மாற்று வழிகளை எடைபோட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா, ஒரே முடிவைத் தெளிவாக வெளிப்படுத்துகிறாரா. மனச்சோர்வு நோய் தந்திரமானது. முதல் அம்சத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். நோயின் பெயர், ஆயுள், மாற்று சிகிச்சை எல்லாம் நோயாளி கடகடவென்று சொல்வார். பிசகு மூன்றாவதில் இருக்கும்: நல்லது எதற்கும் எடை இல்லாமல் போயிருக்கும். ஓரிகனில் இந்த உதவியைக் கேட்ட அல்லது விசாரித்த 58 பேரை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், 15 பேருக்கு மனச்சோர்வு நோய்க்கான அளவுகோல் பொருந்தியது. மருந்துச் சீட்டு பெற்ற 18 பேரில் மூவருக்குப் பொருந்தியது. ஆனால் அந்த மாநிலத்தில் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பப்படுவோர், சமீப ஆண்டு அறிக்கைகளில், ஆண்டுக்குக் கைவிரல் எண்ணிக்கைதான். சந்தேகம் வந்தால் மட்டும் அனுப்பு என்று விதி வைத்தால், சந்தேகப்படத் தெரியாதவர் யாரையும் அனுப்பமாட்டார். மனநல மதிப்பீட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்குவது செலவு, தாமதம், கொஞ்சம் அவமானமும்கூட; ஆனாலும் அதை ஆதரிப்பேன்.

காத்திருப்புக் காலம் எதற்கு என்றால், வாழும் ஆசை நிலையாக நிற்பதில்லை. கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகள் 168 பேரை வைத்துக் கனடாவில் செய்து 1999-ல் வெளியான ஆய்வு, அது 12 மணி நேரத்துக்குள்ளேயே கணிசமாக ஏறி இறங்குவதைக் காட்டியது. 48 மணி நேரம் என்பது இந்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டப் போதுமா என்பதுதான் கேள்வி.

'ஆறு மாதம்' என்ற கணக்கு எவ்வளவு நம்பத்தகுந்தது? ஹாஸ்பிஸில் சேர்ந்த 468 நோயாளிகளின் ஆயுளை மருத்துவர்கள் கணித்ததை 2000-ல் ஓர் ஆய்வு சரிபார்த்தது: 20 சதவீதக் கணிப்புகள்தான் ஓரளவு சரி. 63 சதவீதம், நோயாளி உண்மையில் வாழ்ந்ததைவிட அதிகம் சொன்னவை. 17 சதவீதம் குறைத்துச் சொன்னவை. எதிர்ப்பாளர்கள் இதை மேற்கோள் காட்டும்போது, தவறு பெரும்பாலும் எந்தத் திசையில் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பலருக்கு நினைத்ததைவிடக் குறைவான நாட்களே இருந்தன. ஆனால் அந்த 17 சதவீதம் இந்தச் சட்டத்தில் திருத்தவே முடியாத தவறு. பரவிய புற்றுநோயில் கணிப்பு ஓரளவு கைகொடுக்கும். இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட நுரையீரல் நோயிலும் நோயின் போக்கு ஏறி இறங்கிப் போவதால் கைகொடுக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019-ல் தொடங்கியபோது, பொதுவாக ஆறு மாதம், நரம்புச் சிதைவு நோய்களுக்கு மட்டும் 12 மாதம் என்று வைத்தது.

யார் கை? இது சில்லறை விவரம் போலத் தெரியும். என் பார்வையில் முழு விவாதத்திலும் மிக முக்கியமான விவரம். ஓரிகனில் சீட்டு வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மருந்தை எடுக்கவே இல்லை. சிலர் அதற்குள் இறந்துவிடுகிறார்கள். சிலருக்கு, வேண்டுமானால் முடியும் என்ற உறுதியே போதுமானதாக இருக்கிறது. தானே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை, கடைசி நொடி வரை மனம் மாற இடம் தருகிறது. எந்தக் கையெழுத்தையும்விட வலுவான சம்மதச் சான்று அது. கனடாவில் இரண்டு வழியும் சட்டப்படி உண்டு, நடைமுறையில் கிட்டத்தட்ட அத்தனையும் மருத்துவரோ செவிலியரோ செய்வதுதான். 2023-ல் அங்கே 15,343 பேர், மொத்த மரணங்களில் 4.7 சதவீதம், அதே ஆண்டு ஓரிகனில் 367 பேர், 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த இடைவெளிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, தகுதி நிபந்தனைகளும் வேறு. ஆனால் நாள் குறித்து, வீட்டுக்கு வந்து, மருத்துவர் செய்யும் காரியத்தைக் கடைசி நிமிடத்தில் நிறுத்தச் சொல்வதற்கும், கையில் இருப்பதை எடுக்காமல் விடுவதற்கும் உள்ள தூரம் பெரியது.

இந்த நிபந்தனைக்கும் விலை உண்டு. ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் உள்ளவருக்குக் கையும் தொண்டையும் படிப்படியாகச் செயலிழக்கும். தானே செய்ய வேண்டும் என்றால், இன்னும் சில மாதம் வாழ விரும்பினாலும், முடியும்போதே முடித்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி. இதே நெருக்கடி வேறு வடிவிலும் வரும். கனடாவில் 2018-ல், மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவிய ஒரு பெண், தனக்குத் தெளிவு போய்விட்டால் கடைசி நேரச் சம்மதம் தர முடியாது என்பதற்காகவே, விரும்பிய நாளுக்கு முன்பே இறந்தார். கிறிஸ்துமஸ் வரை இருக்க ஆசை என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். பாதுகாப்புக்காக வைத்த விதி ஆயுளைக் குறைத்தது. 2021 திருத்தத்தில், மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும், குறித்த நாளுக்கு முன் தெளிவை இழந்தாலும் செய்யலாம் என்ற எழுத்து ஒப்பந்தம் அனுமதிக்கப்பட்டது.

டிமென்ஷியாவில், அதாவது மறதிநோயில், இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகிறது. நெதர்லாந்தில் 2016-ல் 74 வயதுப் பெண் ஒருவருக்கு நடந்ததைப் பாருங்கள். தெளிவாக இருந்தபோது எழுதி வைத்திருந்தார்: மறதிநோயால் காப்பகத்துக்குப் போகும் நிலை வந்தால் உயிரை முடிக்க வேண்டும். ஆனால் அதே ஆவணத்தில், நேரம் வந்துவிட்டது என்று தானே கருதும்போது என்றும் இருந்தது. காப்பகத்தில், சில நேரம் சாக வேண்டும் என்றார், சில நேரம் இப்போது வேண்டாம் என்றார். மருத்துவர் அவருக்குச் சொல்லாமல் மயக்க மருந்து கலந்து கொடுத்தார். நடுவில் அவர் எழ முயன்றபோது குடும்பத்தினர் பிடித்துக்கொண்டார்கள். மறுஆய்வுக் குழு கண்டித்தது, அரசு வழக்குத் தொடுத்தது, 2019-ல் நீதிமன்றம் விடுவித்தது, 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எழுதியவரும் எழ முயன்றவரும் ஒரே ஆள்தான். யாருடைய சொல் செல்லும்? எழுதியவரின் சொல் என்றால், எதிரே மறுக்கும் மனிதரை மீற வேண்டும். எதிரே இருப்பவரின் சொல் என்றால், முன்கூட்டிய ஆவணத்துக்கே மதிப்பில்லை. எழுதி வைத்தது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், எதிர்ப்பைக் காட்டும் நோயாளியிடம் செய்யக் கூடாது என்பதே என் முடிவு. முதல் தூணான விருப்பம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவர் சங்கங்கள் இதில் ஒரே குரலில் இல்லை. உலக மருத்துவச் சங்கம் 2019-ல் தன் எதிர்ப்பை மறுபடி உறுதி செய்தது. எந்த மருத்துவரையும் செய்யவோ, வேறொருவரிடம் பரிந்துரைக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2021-ல் நடுநிலைக்கு மாறியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மனசாட்சிப்படி மறுக்கும் மருத்துவரும் செய்பவரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்ற விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் ஏற்றது. இது தேவையில்லாத மோதல். விக்டோரியாவில் வழிகாட்டுச் சேவை ஒன்று இருக்கிறது. நோயாளியே நேராகத் தொடர்புகொள்ளலாம். அப்படி ஒன்று இருந்தால் மறுக்கும் மருத்துவர் தொலைபேசி எண்ணை மறைக்காமல் இருந்தாலே போதும்.

பேச்சை யார் எடுப்பது என்பதில் விக்டோரியா தொடக்கத்தில் கண்டிப்பாக இருந்தது: நோயாளி கேட்காமல் மருத்துவர் இதை முதலில் பேசவே கூடாது. நியூசிலாந்தும் அப்படியே. கனடாவில் அந்தத் தடை இல்லை. இருக்கும் வழிகளை எல்லாம் சொல்வதுதானே மருத்துவரின் கடமை என்பார்கள். சரிதான். ஆனால் வெள்ளைக் கோட்டில் இருப்பவர் 'இதுவும் ஒரு வழி' என்றால், படுக்கையில் இருப்பவர் காதில் அது 'உங்களுக்கு இனி இதுதான்' என்று விழும். தடையின் பக்கமே நான் சாய்கிறேன்.

கடைசியாக, யார் சரிபார்ப்பது. எந்த மசோதா வந்தாலும் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் இதுதான். பலர் கடைசியில்கூடப் புரட்டுவதில்லை. பல நாடுகளில் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகு, செய்த மருத்துவரே நிரப்பிய படிவத்தை வைத்து. தவறு செய்தவர் தன் தவறைத் தானே எழுதித் தருவார் என்ற நம்பிக்கையில் அது ஓடுகிறது. நெதர்லாந்தில் ஐந்து வட்டாரக் குழுக்கள், ஒவ்வொரு வழக்கையும் ஒரு சட்டநிபுணர், ஒரு மருத்துவர், ஒரு நெறியியலாளர் பார்க்கிறார்கள். முடிவுகள் பலவற்றைப் பெயர் நீக்கி வெளியிடுகிறார்கள். அது பரவாயில்லை. பெல்ஜியத்தின் ஆணையம் 2002-ல் தொடங்கி 2015 வரை ஒரு வழக்கைக்கூட அரசு வழக்கறிஞருக்கு அனுப்பவில்லை. மனச்சோர்வு இருந்த ஒரு தாய் 2012-ல் இவ்விதம் இறந்ததை மகன் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2022 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. சட்டத்திலோ, செய்த செயலிலோ மீறல் இல்லை என்றது நீதிமன்றம். மீறல், பின்னால் நடந்த சரிபார்ப்பில். அந்தச் செயலைச் செய்த மருத்துவரே அதை ஆராய்ந்த ஆணையத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பெயின் 2021-ல் சட்டம் போட்டபோது சரிபார்ப்பை முன்னால் கொண்டுவந்தது: ஆணையம் ஒப்புதல் தந்த பிறகே செய்ய முடியும். இங்கிலாந்து மக்களவை 2025 ஜூனில் 314-க்கு 291 என்ற கணக்கில் நிறைவேற்றிய மசோதாவிலும் முன்கூட்டிய ஒப்புதல் உண்டு. முதலில் உயர் நீதிமன்ற நீதிபதி என்று இருந்ததை, சட்டநிபுணர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் அடங்கிய மூவர் குழு என்று, நாடாளுமன்றக் குழுவின் பரிசீலனையில் மாற்றினார்கள். நீதிபதியை எடுத்ததைத் தளர்வு என்று திட்டினார்கள். ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடும் நீதிபதியைவிட, நோயாளியோடு உட்கார்ந்து பேசும் மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் அதிகம் கண்டுபிடிப்பார்கள். முன்கூட்டிய சரிபார்ப்புக்குக் கொடுக்கும் விலை, கடைசி வாரங்களில் இருப்பவருக்குக் கூடுதல் நாட்கள் காத்திருப்பு. அதனால் எந்த நாட்டில் இப்படி விதி வந்தாலும், குழு எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.